கையளவு செடி, கைநிறைந்த மலர்



மும்பைப் புறநகரிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் சென்ற மாதத்திலிருந்து என் மேஜையின்மேல் இருக்கிறது. "ஊரில் முற்றம் நிறைய மல்லிகையும் கனகாம்பரமும் வைத்திருந்தோம். இங்கே ஆறாவது மாடியில் எங்களுக்கென்று இருப்பது ஒரே ஒரு கிரில் ஜன்னல். அகலம் ஒன்றரை அடி. அதிலும் பாதியைத் துணி காயப்போடும் கொடி பிடித்துக்கொள்கிறது. செடி சிறியதாகவும் பூ பெரியதாகவும் இருக்கும் ஆர்கிட் ஏதேனும் உண்டா? பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கவேண்டிய பூ எனக்கு வேண்டாம். சென்ற வருஷம் நானூறு ரூபாய் கொடுத்து வாங்கிய ஒன்று இரண்டே மாதத்தில் அழுகிப்போயிற்று. இனி ஒரு ரூபாயும் தருவதில்லை என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்" என்று எழுதியிருந்தார்.

சகோதரியின் கேள்வி நல்ல கேள்வி. அப்படிப்பட்ட செடிகள் உண்டு. ஆனால் எந்தச் செடி என்று சொல்லுமுன் நான் அவரிடம் திருப்பிக் கேட்கவேண்டியது ஒன்று இருக்கிறது: உங்கள் ஜன்னலில் மே மாதத்து இரவு எவ்வளவு வெப்பமாயிருக்கும்? பூவின் படத்தைப் பார்த்துச் செடியைத் தெரிந்துகொள்ளுகிறவர்கள் பெரும்பாலும் ஏமாந்துபோகிறார்கள். தங்கள் ஊரின் இரவைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுகிறவர்களுடைய செடி பிழைக்கிறது.

முதலாவது, 'சிறிய ஆர்கிட்' என்ற பெயரைக் குறித்து ஒரு வார்த்தை. உலகில் ஏறக்குறைய 28,000 ஆர்கிட் இனங்களும் நம் தேசத்தில் மாத்திரம் சுமார் 1,250 இனங்களும் உண்டு. செடியின் உயரம் 15 சென்டிமீட்டருக்கு உட்பட்டிருந்தால் அதை 'மினியேச்சர்' என்று அழைப்பது வளர்ப்போர் வழக்கம். அவற்றில் பலவற்றுக்குப் பூவும் மிகச் சிறிதே. மேற்குத் தொடர்ச்சி மலையின் மரங்களில் தொங்கும் ஒபெரோனியா என்ற ஆர்கிட்டின் பூ ஒரு கடுகளவு. அழகுதான், ஆனால் சகோதரி வேண்டாம் என்று சொன்ன பூதக்கண்ணாடி அங்கே அவசியம். நமக்கு வேண்டியவை வேறு வகை. விரல் நீளச் செடியில் அந்தச் செடியையே மறைக்குமளவு மலர் விரியும் சில இனங்கள்.

இவ்வளவு சிறிய செடிக்கு ஏன் இவ்வளவு பெரிய பூ? பூவின் அளவு செடியின் அளவைப் பொறுத்ததல்ல. அதை நாடிவரும் விருந்தாளியைப் பொறுத்தது. தேன்சிட்டைப்போன்ற ஹம்மிங் பறவையோ நீண்ட உறிஞ்சுகுழலுடைய இராக்காலப் பருந்து அந்துப்பூச்சியோ வந்தால்தான் மகரந்தம் இடம் மாறும் என்றால், அந்த விருந்தாளியின் கண்ணில் படும்படியாகவும் அதின் அலகுக்கோ குழலுக்கோ பொருந்தும்படியாகவும் பூ இருக்கவேண்டும். செடியோ மெல்லிய கிளையின்மேலும் பாசியின்மேலும் ஒட்டிக்கொண்டு, மழையும் பனியும் தருகிற சொற்ப நீரில் ஜீவிக்கிறது. ஆகையால் உடல் சிறுத்துவிட்டது, பூ சிறுக்கவில்லை. இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. பெரிய செடியின் தண்டிலும் இலையிலும் சேமிப்பு அதிகம்; ஒரு வாரம் நாம் தவறினாலும் அது தாங்கும். ஆறு சென்டிமீட்டர் செடிக்கு அப்படிப்பட்ட கையிருப்பு இல்லை. தவறு செய்தால் அது சீக்கிரத்தில் காட்டிவிடும்.

இதை நான் புஸ்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. மும்பையில் குடியிருந்த நாட்களில் ஒரு விற்பனையாளரிடம் இரத்தச் சிவப்பான பூவுடைய ஒரு செடியைக் கண்டு அப்படியே நின்றுவிட்டேன். செடி என் சுண்டுவிரல் உயரம். பூவோ ஆறு சென்டிமீட்டருக்குக் குறையாது. சோஃப்ரோனிடிஸ் காக்சினியா என்று பெயர் எழுதியிருந்தது. இப்பொழுது தாவரவியலார் அதைக் காட்லியா இனத்தோடு சேர்த்துவிட்டார்கள். "எந்த ஜன்னலிலும் வளரும்" என்றார் அவர். நானும் நம்பி, பிப்ரவரியில் வாங்கிக் கிழக்கு ஜன்னலில் வைத்தேன். மார்ச்சில் புதுத் தளிர் வந்தது, சந்தோஷப்பட்டேன். ஏப்ரலில் தளிர் நின்றுபோயிற்று. மே மாதம் இலைகள் ஒவ்வொன்றாய் மஞ்சளாகி உதிர்ந்தன. தண்ணீர் போதவில்லையோ என்று நினைத்து இன்னும் அதிகமாய் ஊற்றினேன். அது வேரையும் அழுகப்பண்ணியது. பிறகு விசாரித்தபோதுதான் காரியம் விளங்கிற்று. பிரேசில் நாட்டின் கடலோர மலைத்தொடர்களில், ஏறக்குறைய ஆண்டு முழுவதும் மேகமும் பாசியும் சூழ்ந்த காடுகளில் வாழ்வது அது. இரவில் குளிராதிருந்தால், பகலில் சேர்த்த உணவையெல்லாம் இரவிலேயே செலவழித்துவிடும். மும்பையில் மே மாத இரவு 26, 27 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. நான் அதைப் பட்டினி போட்டுக் கொன்றேன் என்பதே உண்மை.

நியூகினி நாட்டு மலைகளிலுள்ள டென்ட்ரோபியம் கத்பெர்ட்சோனியை என்பதும் அப்படிப்பட்டதே. நாலைந்து சென்டிமீட்டர் செடி, அதற்கு ஈடான பூ, ஒரு பூவே மாதக்கணக்கில் வாடாமல் நிற்கும் என்று படத்தோடு விளம்பரம் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது! அதின் வீடு 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருப்பவர்கள் முயன்று பார்க்கலாம். நாம் படத்தோடு திருப்தியடைவோம்.

இனி நமக்கு ஏற்றவைகளுக்கு வருவோம். மும்பை, சூரத், கோவா, கொல்கத்தா போன்ற, இரவிலும் வெப்பமும் ஈரமும் விலகாத ஊர்களில் இருப்பவர்களுக்கு நான் முதலாவது சொல்லுவது டொலும்னியா. கரீபியன் தீவுகளாகிய ஜமைக்கா, கியூபா, ஹிஸ்பானியோலா ஆகியவற்றில் வெயிலும் காற்றும் படுகிற மெல்லிய குச்சிகளில் ஒட்டி வளருவது. விசிறிபோல் விரிந்த இலைகள் ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர். மெல்லிய காம்பில் பாவாடை விரித்தாற்போன்ற பூக்கள், ஒவ்வொன்றும் இரண்டரை சென்டிமீட்டர் அகலம்வரை. மஞ்சள், வெள்ளை, இளஞ்சிவப்பு, செம்புள்ளி என்று கலப்பினங்களில் எண்ணிறந்த நிறங்கள். ஒரு காம்பில் பத்துப் பூ நின்றால் செடியே தெரியாது. இதற்கு வேண்டியது ஒன்றே: நனைந்தால் சில மணி நேரத்தில் உலர்ந்துவிட வேண்டும். ஆகையால் பெரிய தொட்டி கூடாது. இரண்டு அங்குல மண் தொட்டியில் கரித்துண்டுகள் மட்டும் போதும். அல்லது ஒரு மரத்துண்டில் நூலால் கட்டிவிடலாம். பூ முடிந்த காம்பை உடனே கத்தரித்துவிடாதிருங்கள். பச்சையாயிருக்கும்வரை அதின் கணுவிலிருந்து மறுபடியும் பூ வரும். சகோதரியின் நானூறு ரூபாய்ச் செடி எதுவென்று நான் அறியேன். ஆனால் கடைகளில் ஆர்கிட்டுகளைத் தேங்காய் நார்த்தூளில் அழுத்தி விற்கிறதைக் காண்கிறேன். மழைக்காலத்தில் அந்தத் தூள் வாரக்கணக்கில் உலராது. அழுகாமல் என்ன செய்யும்?

அடுத்தது பிராசவோலா நோடோசா. இலை பென்சில்போல் தடித்து ஒரு சாணுக்கு நீளும் என்பதால் இதைக் கண்டிப்பான அர்த்தத்தில் சிறிய செடி என்று சொல்லமுடியாது. ஆனாலும் தொங்கவிட்டால் இடம் பிடிக்காது. பூவோ ஏழெட்டு சென்டிமீட்டர், வெண்மையான இருதயம்போன்ற உதட்டிதழ். பகலில் வாசனை இல்லை. வேலை முடிந்து நீங்கள் மின்சார ரயிலில் நசுங்கி வீடு திரும்பி விளக்கேற்றும் வேளையில் வாசனை எழும்பும். அந்துப்பூச்சிக்காக ஏற்பட்ட அந்த நேரம் நமக்கும் ஒத்துவருகிறது. வெயில் தாங்கும், ஒரு நாள் தண்ணீர் மறந்தாலும் பொறுத்துக்கொள்ளும். புதிதாய்த் தொடங்குகிறவர்களுக்கு இதைவிட இரக்கமுள்ள ஆர்கிட்டை நான் கண்டதில்லை.

மூன்றாவதாக, இவையெல்லாவற்றிலும் நான் அதிகமாய் விரும்புவது காட்லியா வாக்கரியானா. பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் செடியில் எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் மலர். ரோஜா கலந்த ஊதா நிறம், இனிய மணம். 1836 முதல் 1841 வரை பிரேசிலில் தாவரங்களைச் சேகரித்துத் திரிந்த ஜார்ஜ் கார்ட்னர் என்பவர், தம்மோடு பிரயாணப்பட்ட உதவியாளர் வாக்கரின் பெயரை இதற்குச் சூட்டினார். (இந்தக் கார்ட்னர் பின்னர் இலங்கையில் பேராதனைப் பூங்காவின் தலைவராகி, 1849-இல் நுவரெலியாவில் மரித்தார். உதவியாளரின் பெயரை மலருக்குச் சூட்டுகிற எஜமான் அரிது என்பதால் சொல்லுகிறேன்.) இது நீண்ட வறண்ட காலத்தைச் சகிக்கிற நாட்டிலிருந்து வந்தது. இலைத் தண்டின் உச்சியில் பூக்காமல், பெரும்பாலும் அடியிலிருந்து எழும்பும் இலையில்லாத குறுந்தண்டில் பூக்கும். அதை நோயுற்ற தளிர் என்று எண்ணி ஒடித்துப்போட்டவர்களை நான் அறிவேன். வேர்களைத் தொந்தரவு செய்தால் வருஷக்கணக்கில் முகம் வாடும். புது வேர் துளிர்க்கும் சமயத்தில் மட்டும் இடம் மாற்றுங்கள். பெங்களூர், புனே, மைசூரில் இருப்பவர்களுக்கு இது மிகவும் பொருந்தும். மும்பையிலும் வளரும், ஆனால் ஜூன் முதல் செப்டம்பர்வரை மழைச்சாரல் நேரே படாத இடத்தில் வைக்கவேண்டும்.

சிவப்பு நிறத்தின்மேல் ஆசை விடவில்லை என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. நான் கொன்றுபோட்ட அந்தச் சிவப்பு இனத்தை வெப்பம் தாங்கும் காட்லியாக்களோடு கலந்து உண்டாக்கிய குள்ளக் கலப்பினங்கள் அநேகம். தாயின் நிறமும் குறுகிய உருவமும், தந்தையின் சகிப்புத்தன்மையும் சேர்ந்து வருகின்றன. வாங்கும்போது பெற்றோர் யார் என்று கேளுங்கள். சிவப்பினத்தின் பங்கு எவ்வளவு அதிகமோ அவ்வளவு குளிர் கேட்கும்.

பெங்களூர்க்காரர்கள் பாக்கியசாலிகள் என்றே சொல்லவேண்டும். 900 மீட்டர் உயரமும் இதமான இரவும் இருப்பதால் ஜப்பானின் நியோஃபினிடியாவும் அங்கே வளரும். பத்து சென்டிமீட்டர் விசிறி, பறவை பறக்கிறதுபோன்ற வெண்பூ, பின்னால் நாலு சென்டிமீட்டர் நீண்ட வளைந்த தேன்வால், இராக்கால வாசனை. முற்காலத்தில் ஜப்பானிய பிரபுக்களும் போர்வீரர்களும் இதைப் பொக்கிஷமாக வளர்த்தார்கள். இப்பொழுது பண்ணைகளில் வளர்ந்த செடிகள் கிடைக்கின்றன. வேனிலில் வெப்பத்தைச் சகிக்கும். குளிர்காலத்தில் மட்டும் தண்ணீரைக் குறைத்து ஓய்வு கொடுக்கவேண்டும்.

நம் தேசத்து இனம் ஒன்றும் இல்லையா என்று கேட்பீர்கள். டென்ட்ரோபியம் ஜென்கின்சியை இருக்கிறது. அஸ்ஸாம் தொடங்கி பூட்டான், மியான்மர், தாய்லாந்துவரை வளருவது. இரண்டு மூன்று சென்டிமீட்டர்க் குமிழ்த்தண்டு, அதின் தலையில் ஒற்றை இலை, எல்லாம் மரப்பட்டையோடு அப்பிக்கொண்டிருக்கும். வேனில் தொடக்கத்தில் அந்தச் சிறு கூட்டத்திலிருந்து பொன்மஞ்சள் வட்டங்கள், ஒவ்வொன்றும் செடியின் குமிழ் அளவுக்குப் பெரியவை. இதன் நெருங்கிய உறவான லிண்ட்லியையின் பூங்கொத்து நீண்டு தொங்கும். ஜென்கின்சியையில் ஒரு காம்புக்கு ஒன்று முதல் மூன்று பூ. நவம்பர் முதல் பிப்ரவரிவரை ஏறக்குறைய தண்ணீரே காட்டாதிருந்தால்தான் பூக்கும். குமிழ் லேசாய்ச் சுருங்கினாலும் பயப்படவேண்டாம். இரக்கப்பட்டு ஊற்றுகிறவர்களுக்கு இலை கிடைக்கும், பூ கிடைக்காது.

டில்லி, ஃபரிதாபாத், குர்கான் பகுதிகளில் இருப்பவர்களிடம் நான் மறைக்காமல் பேசவேண்டும். அங்கே இரண்டு பகைகள். மே, ஜூனில் 40 டிகிரிக்கு மேற்பட்ட அனல்காற்று; ஜனவரியில் கை விறைக்கும் இரவு. அனல்காற்று நாட்களில் செடிகளை வீட்டிற்குள் எடுத்து, தண்ணீர் கூலரின் காற்று சுற்றிலும் உலவும்படி, ஆனால் நேரே அடிக்காதபடி வையுங்கள். கூலர் ஈரத்தைக் கூட்டுகிறது, ஏ.சி. ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. குளிர்காலத்தில் வெப்பம் பத்து டிகிரிக்குக் கீழே இறங்கும்போது டொலும்னியாவையும் பிராசவோலாவையும் கண்ணாடிக்கு உட்புறம் கொண்டுவாருங்கள். அங்கே எளிதாய் நிற்பவை ஜென்கின்சியையும் நியோஃபினிடியாவும். ஷில்லாங்கில் வேலை பார்க்கும் வாசகர்களோ பிளயோனியை வளர்க்கலாம். சிறிய குமிழிலிருந்து ஏழெட்டு சென்டிமீட்டர் பூ மலரும். பிளயோனி பிரீகாக்ஸ் மழை முடிந்து இலை உதிர்ந்தபின் பூக்கும். நம்மில் மற்றவர்களுக்கு அது கொடுத்துவைக்கவில்லை.

தண்ணீரைக் குறித்து அதிகம் கேட்கிறார்கள். வேரைப் பாருங்கள், அது பதில் சொல்லும். இந்தச் செடிகளின் வேரின்மேல் பஞ்சுபோன்ற வெண்ணிற உறை உண்டு. உலர்ந்தால் வெள்ளிபோல் வெளுத்திருக்கும், நனைந்தால் பச்சையாகும். வெளுத்தபின் ஊற்றுங்கள், பச்சையாயிருக்கும்போது கையை அடக்குங்கள். காலையில் ஊற்றினால் மாலைக்குள் இலையிடுக்கு காய்ந்துவிடும். இரவில் இடுக்கில் தங்கும் நீரே குருத்தை அழுகப்பண்ணுகிறது. ஆழ்குழாய்க் கிணற்று உப்புநீர் வேர் நுனியைக் கருக்கிவிடும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரை வீணாக்கக்கூடாதென்று செடிக்கு ஊற்றுகிற சகோதரிகள் உண்டு. தரை துடைக்க அது உதவும். ஆர்கிட்டுக்கு விஷம், ஏனெனில் நீக்கப்பட்ட உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. மழைநீர் உத்தமம். உரம் 19:19:19 என்று கிடைப்பதில் லிட்டருக்கு அரை கிராம், வளரும் மாதங்களில் வாரம் ஒருமுறை. அதற்கு மேல் வேண்டாம்.

வெளிச்சத்துக்குக் கிழக்கு ஜன்னலே நல்லது. இலை கரும்பச்சையாய் மினுங்கினால் பார்க்க அழகு, ஆனால் பூவுக்கு வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம். வெளிர்ப்பச்சையே சரியான நிறம்.

கடைசியாக, வாங்குகிற காரியம். சிறிய செடியில் பெரிய பூ என்று தேடும்போது 'செருப்பு ஆர்கிட்' என்னும் பேஃபியோபெடிலம் உங்கள் கண்ணில் படும். நம் அகத்தியமலைப் பகுதியிலேயே ட்ரூரியை என்ற ஓரினம் உண்டு. மஞ்சள் இதழ்களின் நடுவே கருஞ்சிவப்புக் கோடு ஓடும். தென்னிந்தியாவுக்கு வெளியே இயற்கையாய் எங்கும் வளராத அது, சேகரிப்பவர்கள் வேரோடு பிடுங்கியதினாலே காட்டில் அழியும் நிலைக்கு வந்தது. காட்டிலுள்ள செருப்பு ஆர்கிட்டுகளையும் நீல வாண்டாவையும் சிவப்பு வாண்டாவையும் பறிப்பதும் விற்பதும் 1972-ஆம் ஆண்டின் வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மற்ற ஆர்கிட்டுகளிலும் காட்டுச் செடி எது, பண்ணைச் செடி எது என்று நிதானிக்க வழி உண்டு. இலைகளில் பூச்சிக்கடியும் பழைய வடுவும், தண்டோடு ஒட்டிய பாசியும் மரப்பட்டையும், அறுபட்ட வேர்களும், கட்டுக்கட்டாய்க் குறைந்த விலையும் கண்டால் அது காட்டிலிருந்து வந்தது. அது உங்கள் ஜன்னலில் பிழைப்பதும் அரிது. மரத்தின்மேல் இருபது வருஷம் வளர்ந்தது இருபது நாளில் காய்ந்துபோகும். பண்ணைச் செடியின் இலைகள் ஒரே சீராயிருக்கும், வேர் தொட்டியைச் சுற்றியிருக்கும். 1922-இல் அமெரிக்காவில் லூயிஸ் நட்சன் என்பவர் ஆர்கிட் விதைகளைக் கண்ணாடிக் குடுவையில் சர்க்கரை கலந்த கூழ்மத்தில் முளைக்கப்பண்ணினது முதல், காட்டைத் தொடாமலே ஆயிரக்கணக்கில் உண்டாக்க முடிகிறது. ஆகையால் பிடுங்கினதை வாங்க நமக்கு அவசியமே இல்லை.

விற்பவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இது பூக்கும் வயதுச் செடியா, பூவின் அகலம் எத்தனை சென்டிமீட்டர், இதன் பெற்றோர் எந்த உயரத்து மலையைச் சேர்ந்தவர்கள்? பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து எடுத்த படம் கேளுங்கள். அளவுகோல் இல்லாத படத்தில் கடுகும் தாமரையாய்த் தெரியும். குடுவைக் குழந்தையை மலிவென்று வாங்கினால் பூவுக்கு நாலைந்து வருஷம் காத்திருக்கவேண்டும். வாடகை வீடு மாறிக்கொண்டிருக்கும் நமக்கு அது ஏற்றதல்ல.

சகோதரிக்கு என் பதில் இதுவே. கொடியின் ஒரு முனையை ஒரு அடி தள்ளிக் கட்டச் சொல்லுங்கள். அந்த ஒரு அடியில், கம்பியிலிருந்து தொங்கும்படி ஒரு பிராசவோலாவும், அதற்குக் கீழே சிறு மண் தொட்டியில் ஒரு டொலும்னியாவும் வையுங்கள். மே மாதத்தில் பார்சலில் வரவழைக்காதிருங்கள்; பெட்டிக்குள் வெந்துபோகும். மழையின் வேகம் தணியும் செப்டம்பரில் வாங்குங்கள். வந்ததும் நார்த்தூளை முழுவதும் உதறிக் கழுவி, கரித்துண்டில் நட்டு, மாவுப்பூச்சி இருக்கிறதா என்று இலையின் அடிப்புறத்தைப் பார்த்து, இரண்டு வாரம் மற்றச் செடிகளிலிருந்து விலக்கி வையுங்கள். முதல் பூ விரியும் மாலையில் விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்காரரை ஜன்னலண்டை கூப்பிடுங்கள். ரூபாயைக் குறித்து அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.